கோட்டுக்கு அந்தப் பக்கம் அணை... இந்தப் பக்கம் அறுவடை!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. அடுத்த கேள்வி, 'மச்சான், எங்கடா போறோம்?' உடனே லிஸ்ட் ரெடி... ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, தேக்கடி! தேக்கடின்னு முடிவாச்சுன்னா அப்புறம் என்ன நடக்கும்னும் நமக்குத் தெரியும். தேனியில் பஸ் ஏறுவோம். ஹெட்போனை மாட்டிட்டுத் தூங்குவோம். குமுளியில் முழிச்சு, போட்டில் ஏறி, தூரத்தில் புள்ளியாத் தெரியுற யானையை ஜூம் பண்ணி ஒரு போட்டோ எடுத்துட்டு, அதே தூக்கத்தோட திரும்பிடுவோம்.

இந்த முறை ஒரு சின்ன ரிக்வெஸ்ட். தூங்காதீங்க! தேனியில் இருந்து குமுளி வரைக்குமான அந்த அறுபது சொச்சம் கிலோமீட்டரில்தான் மேட்டரே இருக்கு. டி.வி.யில் 'முல்லைப் பெரியாறு'ன்னு தலைப்பு ஓடினா போதும், வரிஞ்சுகட்டிக்கிட்டு கமென்ட் போடுற ஆளுங்க நாம. அந்தத் தண்ணி எங்கே தேங்குது, எந்த மலையைக் குடைஞ்சு வருது, யாரோட வயலுக்குப் போகுதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிஞ்சுக்க ஒரு பஸ் டிக்கெட் போதும். வாங்க, கிளம்புவோம்.

ஜன்னல் சீட் முக்கியம் பாஸ்!

தேனி, 1996-ல் மதுரை மாவட்டத்தில் இருந்து பிரிஞ்சு தனி மாவட்டமானது. ஊருக்குள்ள நுழைஞ்சதுமே முதல் ஆச்சர்யம் பஸ் ஸ்டாண்டின் பெயர்ப் பலகைதான். தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுக்கெல்லாம் தலைவர்கள் பேர்தான் இருக்கும். இங்கே இருக்கிறது ஒரு இங்கிலீஷ் இன்ஜினீயரின் பேர்... கர்னல் ஜான் பென்னிகுயிக்! இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க. போற வழியெல்லாம் டீக்கடை போர்டு, ஆட்டோ முதுகு, காலண்டர்னு இவர் கூடவே வருவார். ரேஷன் கார்டிலேயே 'பென்னிகுயிக்'னு பேர் இருக்கிற பசங்களும் இந்தப் பக்கம் உண்டு.

குமுளி பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்க. வலது பக்கம் ஏலமலை. இடது பக்கம் மேகமலை. நடுவில் பாய் விரிச்ச மாதிரி பச்சைப்பசேல்னு கிடக்கிறதுதான் கம்பம் பள்ளத்தாக்கு. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு ஊர்கள் வரிசையா வரும். இளையராஜாவின் பண்ணைப்புரம்கூட இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கு.

ஒரு பக்கம் நெல்லு, வாழை, தென்னை. கம்பத்தை நெருங்கினா கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல பந்தல் பந்தலா திராட்சை. ஊர்க்காரங்க இதை 'பன்னீர் திராட்சை'ம்பாங்க. மத்த இடங்களில் திராட்சைக்குன்னு ஒரு சீஸன் இருக்கும். இங்கே எந்த மாசம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் குலை தொங்கும். 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

இப்ப ஒரு கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை எல்லாம் கேரளா பக்கமே பிடிச்சு வெச்சுக்கும். மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம்னு எட்டாங்கிளாஸ் ஜியாக்ரஃபியிலேயே படிச்சிருக்கோம். அப்புறம் எப்படி இங்கே இவ்வளவு பச்சை? லோயர் கேம்ப்பில் ஆரம்பிச்சு தேனியை ஒட்டின பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கரில் ரெண்டு போகம் நெல் எப்படி விளையுது? பதில், பஸ்ஸுக்கு முன்னாடி சுவர் மாதிரி நிக்கிற அந்த மலைக்குப் பின்னாடி இருக்கு.

மேற்கே போன ஆறு... கிழக்கே திரும்பின கதை!

பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழற ஆறு. மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளமாப் போய் வீணாகுது. இந்தப் பக்கம் வைகை வறண்டு கிடக்கு. 'அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினா என்ன?' இந்த யோசனை பென்னிகுயிக்குக்கு முன்னாடியே வந்தாச்சு. 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மலையைப் பார்த்துட்டு வர ஆள் அனுப்பினார். செலவு கட்டுப்படி ஆகாதுன்னு அப்ப கைவிட்டுட்டாங்க. 1850-ல் வெள்ளைக்காரங்க ஒரு முயற்சி பண்ணினாங்க. காட்டுக் காய்ச்சலுக்குப் பயந்த கூலியாட்கள் சம்பளம் கூட்டிக் கேட்க, அதுவும் நின்னுபோச்சு.

அப்புறம் வந்தது 1876 - 78 தாது வருஷப் பஞ்சம். ஊர் ஊரா ஜனங்க செத்து விழுந்த பிறகுதான் சென்னை மாகாண அரசு இந்த ஃபைலைத் தூசி தட்டி எடுத்துச்சு.

அணை கட்ட வேண்டிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள்ள இருந்துச்சு. அதனால 1886 அக்டோபர் 29-ம் தேதி ஒரு ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் குத்தகை. எவ்வளவு காலத்துக்குத் தெரியுமா? 999 வருஷம்! கணக்குப் போட்டுப் பாருங்க, 2885 வரைக்கும் வருது. அதுக்குள்ள நம்ம அரியர்ஸ்கூட க்ளியர் ஆகிடும்! (1970-ல் இந்த வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயா உயர்த்தினாங்க. மீன்பிடிக்கிற உரிமை கேரளாவுக்குப் போச்சு. தண்ணியில் கரன்ட் எடுக்கிற உரிமை தமிழ்நாட்டுக்கு வந்துச்சு.)

1887-ல் வேலை ஆரம்பம். பென்னிகுயிக் ராணுவ இன்ஜினீயர். சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, இது உங்க ஏரியா... கவனிங்க! சிமென்ட் மூட்டையும் டி.எம்.டி. கம்பியும் இல்லாத கட்டடம் இது. சுண்ணாம்பும், செங்கல் பொடியான சுர்க்கியும் கலந்த சாந்து. அதில் பதிச்ச கருங்கல். தன்னோட எடையாலேயே தண்ணியைத் தாங்கி நிக்கிற டைப் அணை. நீளம் 1,200 அடி. சாமான்கள் மாட்டு வண்டியில் கூடலூர் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் மலை ஏறி, அப்புறம் படகில் போகணும். காட்டு வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடிச்சுட்டுப் போகும், திரும்பக் கட்டுவாங்க. மலேரியாவில் ஆட்கள் செத்துக்கிட்டே இருந்தாங்க. அணைக்குப் பக்கத்தில் இன்னிக்கும் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கு.

1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வெச்சார். மலைக்குள்ள ஒண்ணேமுக்கால் கிலோமீட்டர் சுரங்கம் குடைஞ்சு, மேற்கே போன தண்ணியைக் கிழக்கே இறக்கினாங்க. அது கம்பம் பள்ளத்தாக்கு வழியா ஓடி, வைகையில் கலந்து, வைகை அணைக்குப் போகுது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு அஞ்சு மாவட்டம் இந்தத் தண்ணியை எதிர்பார்த்து நிக்குது.

'பென்னிகுயிக் சொத்தை வித்து அணையைக் கட்டினார்'னு இந்தப் பக்கம் சொல்லாத ஆளே இல்லை. செலவு பண்ணினது சென்னை மாகாண அரசாங்கம்தான். ஆனா, காட்டுக்குள்ள வருஷக்கணக்காக் கிடந்து வேலையை முடிச்ச மனுஷன் மேல ஊர் வெச்சிருக்கிற பாசம் நிஜம். அவர் பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கல் சமயமாச்சே! பாலார்பட்டி கிராமத்தில் அவர் படத்தை வெச்சுப் பொங்கல் வைக்கிறாங்க. லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரி 15-ம் தேதி அரசு மணிமண்டபமும் திறந்தாச்சு. ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டா நின்னு பார்த்தா கொஞ்சம் புல்லரிக்கும். பிராஜெக்ட்டை உருப்படியா முடிச்சா இப்படியும் மரியாதை கிடைக்கும்!

142 அடின்னா 142 அடி இல்லை!

லோயர் கேம்ப்பைத் தாண்டினதும் பஸ் மலை ஏற ஆரம்பிக்கும். இப்ப ரோட்டை விட்டுட்டு மலைச் சரிவைப் பாருங்க. உச்சியில் இருந்து நாலு ராட்சதக் குழாய்கள் நேரா இறங்கி வரும். சுரங்கத்தில் வர்ற தண்ணி இந்தக் குழாய் வழியா விழுந்து, கீழே பெரியாறு மின் நிலையத்தில் டர்பைனைச் சுத்திட்டு ஆத்துக்குப் போகுது. தண்ணி அதிகமா வர்றப்போ இரைச்சல் பாலம் பக்கம் அருவி மாதிரி கொட்டும். பேர்ப்பொருத்தம் சும்மா சூப்பர்!

இங்கேதான் டி.வி. விவாதத்தில் யாரும் நமக்குப் பொறுமையாச் சொல்லாத ஒரு கணக்கு இருக்கு. 'நீர்மட்டம் 142 அடி'ன்னு கேட்டதும், 142 அடித் தண்ணியும் தமிழ்நாட்டுக்குத்தான்னு நினைச்சுக்கிறோம். ஆனா, தண்ணி வெளியே வர்ற வாய் 104 அடி உயரத்தில் இருக்கு. அதுக்குக் கீழே இருக்கிற தண்ணி அணையிலேயேதான் கிடக்கும். அப்படின்னா, இந்தப் பக்கம் வர்றது 104-க்கு மேலே இருக்கிறது மட்டும்தான். 142 வரை தேக்கினா 38 அடி, 136-லேயே நிறுத்தினா 32 அடி. வெறும் ஆறடிக்கு ஏன் இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சாங்கன்னு இப்பப் புரியுதா? மேலே போகப் போக ஏரி அகலமாகும். அதனால கடைசி ஆறடியில் நிக்கிற தண்ணி ரொம்ப அதிகம்.

அந்தப் பக்கத்து நியாயத்தையும் கேட்டுடுவோம். நூறு வயசு தாண்டின சுண்ணாம்பு அணை. அது உடைஞ்சா முதல்ல போறது கீழே இருக்கிற இடுக்கி மாவட்டத்து ஜனங்கதான். கேரளாக்காரங்க புது அணை கேக்கிறது இந்தப் பயத்தில். 1979-ல் அணையின் பாதுகாப்பு பற்றி கவலை கிளம்பினப்போ நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைச்சாங்க. அதுக்கப்புறம் தமிழ்நாடு பொதுப்பணித் துறை அணையின் தலைப்பகுதியில் கான்க்ரீட் போட்டு, மேலே இருந்து கீழ் வரை துளையிட்டு இரும்புக் கம்பி வடங்களை இறக்கி இறுக்கி, பின்பக்கம் கான்க்ரீட் முட்டுக் கொடுத்துப் பலப்படுத்துச்சு. 2006 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம்னு சொல்ல, அடுத்த மாசமே கேரள சட்டமன்றம் அதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டுச்சு. அணையை ஆராய்ஞ்ச நீதிபதி ஆனந்த் குழு, அணை பலமா இருக்குன்னு 2012-ல் அறிக்கை தந்துச்சு. 2014 மே 7-ம் தேதி சுப்ரீம் கோர்ட் கேரளாவின் சட்டத்தை ரத்து செஞ்சது. அதே வருஷம் நவம்பரில் தண்ணி 142-ஐத் தொட்டுச்சு.

இந்தப் பக்கம் இருக்கிறது தாகம். அந்தப் பக்கம் இருக்கிறது பயம். ரெண்டுமே நிஜம்தான். 'தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளாவுக்குப் பாதுகாப்பு'ன்னு கேரளாவிலேயே ஒரு கோஷம் உண்டு. கேக்கிறதுக்கு ஈஸியாத்தான் இருக்கு. அதைப் பேப்பரில் கொண்டுவர்றதுதான் ரெண்டு அரசுக்கும் இத்தனை வருஷமா முடியாத வேலை.

நாலு எட்டு வெச்சா கேரளா!

கொண்டை ஊசி வளைவு முடிஞ்சு, காது 'ங்கொய்'னு அடைக்கும்போது குமுளி வந்திருக்கும். தமிழ்நாட்டு பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்னுடும். இறங்கி நடந்தா செக்போஸ்ட். அதைத் தாண்டினதும் கேரளா. போர்டில் எழுத்து மாறும். டீக்கடையில் பஜ்ஜிக்குப் பதிலா பழம்பொரி வரும். மூக்கில் ஏலக்காய் வாசம் ஏறும். மத்தபடி பெருசா எதுவும் மாறாது. அந்தப் பக்கக் கடையில் தமிழ், இந்தப் பக்கக் கடையில் மலையாளம். பல கடைகளில் ஒரே வாக்கியத்தில் ரெண்டும்.

இந்த ஊர் ஏன் இப்படி? 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தப்போ, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வேணும்னு பெரிய போராட்டமே நடந்துச்சு. தோட்டத் தொழிலாளர்களில் தமிழர்கள் அவ்வளவு பேர். ஆனா, பசல் அலி கமிஷன் அந்த ரெண்டையும் கேரளாவுக்கே விட்டுச்சு. மேப்பில் கோடு விழுந்துச்சு. பிழைப்பில் கோடு விழலை.

அதை நேரில் பார்க்கணுமா? கம்பம், கூடலூர், தேவாரம், போடி... எந்த ஊரிலாவது விடியக்காலையில் எழுந்திரிச்சு மெயின் ரோட்டுக்கு வாங்க. தூக்குவாளியும் கையுமா அக்காக்கள், அம்மாக்கள் கூட்டமா நிப்பாங்க. ஜீப் வரும். அடைச்சுக்கிட்டு ஏறுவாங்க. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டுன்னு மூணு மலைப்பாதை வழியா இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், செடிக்கு அடியில் குனிஞ்சு ஒவ்வொரு காயாப் பறிச்சு, சாயங்காலம் அதே ஜீப்பில் வீடு திரும்புவாங்க. நமக்கு எட்டரை மணி காலேஜ் பஸ்ஸே கஷ்டம். இவங்க தினமும் ஸ்டேட் விட்டு ஸ்டேட் போய் வர்றாங்க!

ஏலக்காய்க்கே ஏலம்!

பறிச்ச காய் எங்கே போகும்? காயவெச்சு, தரம் பிரிச்சு, ஏலத்துக்கு வரும். ஸ்பைசஸ் போர்டு நடத்துற ஏலக்காய் இ-ஏலம் ரெண்டே ஊரில்தான். கேரளாவில் புற்றடி, தமிழ்நாட்டில் போடிநாயக்கனூர். ஹாலில் வியாபாரிங்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பட்டன் தட்டிட்டு இருப்பாங்க. கேரளா மண்ணில் விளைஞ்சு, தமிழ்நாட்டுக் கை பறிச்சு, ரெண்டு ஊர் வியாபாரிங்களும் போட்டி போட்டு விலை வெச்ச காய்தான், நம்ம வீட்டுப் பாயசத்தில் மிதக்குது.

தேக்கடி போட்டிங்கும் அப்படித்தான். நீங்க போட்டில் சுத்துற அந்த ஏரி இயற்கையா உண்டானதில்லை. முல்லைப் பெரியாறு அணை தேக்கி வெச்சிருக்கிற தண்ணிதான் அது! தண்ணிக்கு நடுவில் கருப்பா மொட்டை மரங்கள் நிக்குமே... அணை கட்டினப்போ மூழ்கின காட்டின் மிச்சம். 1978-ல் புலிகள் காப்பகமான பெரியாறு காட்டுக்கு டூரிஸ்ட்டை இழுக்கிறதும், கம்பத்து வயலுக்கு நாத்து நட உதவுறதும் ஒரே தண்ணி.

கண்ணகியையும் விட்டுட முடியாது. குமுளிக்குப் பக்கத்து மலை உச்சியில், சரியா எல்லையில் இருக்கு மங்கலதேவி கண்ணகி கோயில். பூம்புகாரில் இருந்து கண்ணகி போன வழியைத் தேடி நடந்த பேராசிரியர் சி.கோவிந்தராசனார், 1963-ல் இந்த இடத்தைக் கண்டறிஞ்சு வெளியே சொன்னார். கோயில் யாருக்குன்னு ரெண்டு மாநிலத்துக்கும் வழக்கு உண்டு. ஆனா, வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்னிக்கு மட்டும் தேனி, இடுக்கி ரெண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஏற்பாடு பண்ணி மலைப்பாதையைத் திறந்துவிடுவாங்க. இந்தப் பக்கம் பளியன்குடியில் இருந்து நடந்தும், அந்தப் பக்கம் குமுளியில் இருந்து ஜீப்பிலும் கூட்டம் ஏறும்.

கோடு மூடினா என்னாகும்?

2011 டிசம்பர். அணை உடையப் போகுதுன்னு அந்தப் பக்கம் பீதி, அணையை உடைக்கப் போறாங்கன்னு இந்தப் பக்கம் கோபம். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து ஆயிரக்கணக்கான ஜனங்க குமுளியை நோக்கி ஊர்வலமாக் கிளம்பினாங்க. ரெண்டு பக்கமும் கடைகள் தாக்கப்பட்டன. ரோடு அடைபட்டுச்சு. சபரிமலை சீஸனில் ஐயப்ப பக்தர்கள் வழியிலேயே தவிச்சாங்க. இடுக்கித் தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோட மலை இறங்கி வந்தாங்க. தினக்கூலிக்குப் போற ஜீப் நின்னுபோச்சு. பறிக்க ஆள் இல்லாம அங்கே தோட்டம் கெட்டுச்சு. கூலி இல்லாம இங்கே அடுப்பு அணைஞ்சுது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தப்போ மூணு பாதையும் மறுபடி மூடிச்சு. இந்த முறை சண்டை எதுவும் இல்லை. ஆனா, ஜீப் ஓடலைன்னா கூலி இல்லைங்கிற கணக்கு மட்டும் மாறலை.

நீர்மட்டம் ஒரு அடி ஏறினா, அது நமக்கு நியூஸ். இங்கே இருக்கிறவங்களுக்கு நாத்தங்கால் போடலாமா வேணாமாங்கிற முடிவு. எல்லையில் ஒரு கல் விழுந்தா, நமக்கு ஃபார்வர்டு பண்ண ஒரு வீடியோ. இவங்களுக்கு நாளைக்கு ஜீப் வருமா வராதாங்கிற கேள்வி. அதனால அடுத்த முறை இந்தப் பிரச்னை கிளம்பினா, கீபோர்டில் கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தூக்குவாளிகளை ஒரு செகண்ட் நினைச்சுக்கங்க. உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லலை. 104, 136, 142-ன்னு கணக்கோட பேசலாம். பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டாமலே பேசலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* மதுரையில் இருந்து தேனிக்கு பஸ் தாராளமா இருக்கு. தேனியில் இருந்து கம்பம், குமுளிக்கும் அப்படியே.

* ரயில் பிரியர்களுக்கு: அகலப் பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ன மதுரை - போடி ரயில், 2022 மே மாசம் தேனிக்கும், 2023 ஜூன் மாசம் போடிக்கும் திரும்ப வந்தாச்சு.

* முல்லைப் பெரியாறு அணைக்குள்ள பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 'தெரிஞ்ச ஆள் இருக்கார்'னு யாராவது சொன்னா நம்பிப் போகாதீங்க. மணிமண்டபம், ராட்சதக் குழாய்கள், தேக்கடி ஏரின்னு பார்த்தாலே கதை முழுசாப் புரியும்.

* கார்த்திகை, மார்கழி சபரிமலை சீஸனில் இந்த ரூட்டில் செம டிராஃபிக். கம்பமெட்டு வழியா ஏத்தி குமுளி வழியா இறக்கிவிடுற ஒருவழிப் பாதையும் அப்ப வழக்கம். டைம் பார்த்து பிளான் பண்ணுங்க.

* சுருளி அருவி கம்பத்துக்குப் பக்கம்தான். தண்ணி வரத்தை விசாரிச்சுட்டுப் போங்க.

* காட்டுப் பாதையில் பிளாஸ்டிக் பாட்டில் வீசாதீங்க.

* திராட்சைத் தோட்டத்தில் போட்டோ எடுக்கணும்னா தோட்டக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எடுத்துட்டு, ஒரு கிலோவாச்சும் வாங்கிட்டு வாங்க!